காதுக்கு இந்தப் பக்கம்

எவ்வளவு தூரம் எரியணும் என்றார்
கடைக்காரர்.
எவ்வளவு தூரம் எரியக் கூடாது என்றுதான்
என்னிடம் கணக்கு இருந்தது.
ஒரு சாணும் நாலு விரலும்.
என் புத்தகத்துக்கும்
தேசிங்கின் இடது காதுக்கும் நடுவே
நேற்று ராத்திரி அளந்தது.

ஒரே அறை.
அவருக்கு ஒன்றரை மணிக்குக் காசிமேட்டில் ஏலம்,
எட்டுக்கே தூங்கியாக வேண்டும்.
எனக்கு எட்டுக்குப் பிறகுதான் பகல்.
இத்தனை நாளும்
பிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து ஓர் அத்தியாயம்,
பாத்ரூமில் கவிழ்த்த வாளிமேல் இரண்டு,
செல்போனைப் பல்லில் கடித்தபடி மீதி.

ரிச்சி தெருவில் சனிக்கிழமைக் கூட்டம்.
ஜுல்பிகர் கடை மாடிப்படிக்குக் கீழே,
நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

கழுத்தில் மாட்டுவதைப் போட்டுப் பார்த்தேன்.
நான் திரும்பினால் வெளிச்சமும் திரும்புகிறது.
வேண்டாம்.
தூங்குகிற ஆளைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும் எனக்கு,
அடிக்கடி.

நெற்றியில் கட்டுவது வீட்டிலேயே இருக்கிறது,
படகில் போகிறவர்கள் கட்டுவது.
அதில் நண்டு பொறுக்கலாம்
நாவல் படிக்க முடியாது.

கிளிப் வைத்த ஒன்று,
நல்ல வெளிச்சம், ஆனால் தாடை இறுக்கம்.
நூலகப் புத்தகத்தில் பல் பதிந்துவிட்டது.
நான் அட்டையைத் தடவிக் கொடுப்பதைப் பார்த்து
"இது கடிக்காதும்மா, ரப்பர் வெச்சது"
என்று இன்னொன்றை நீட்டினார்.

வெள்ளையா மஞ்சளா?
பையிலிருந்த நாவலைப் பிரித்துப் பிடித்தேன்.
வெள்ளையில் எல்லா வரியும்
ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போல இருந்தது.
மஞ்சளுக்கு மாற்றியதும்
எனக்கு முன்னால் இதை எடுத்துப் போன யாரோ
பென்சிலால் இழுத்த மெல்லிய கோடு எழுந்து வந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
நாயகன் சத்தியம் செய்கிற இடத்துக்கு நேரே, ஓரத்தில்
"பொய்" என்று எழுதியிருந்தார்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.
இவர் தெரிகிற வெளிச்சமே போதும் என்றேன்.
எவர், என்று கேட்டுவிட்டு
ஜுல்பிகர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நானூற்றைம்பது சொன்னார்.
முந்நூற்று முப்பதுக்கு இறங்கி
சார்ஜர் ஒயரும் சேர்த்துக் கொடுத்தார்.
வாரன்டி?
"கடை எங்கேயும் போவாதும்மா."

திரும்புகிற மெட்ரோவில்
ஐகோர்ட்டுக்கும் மண்ணடிக்கும் நடுவே
பைக்குள்ளேயே ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தேன்.
டிபன் பாக்ஸ், குடை, பஸ் பாஸ்
எல்லாம் ஒரு நிமிஷம்
யாருடையதோ போல அழகாயிருந்தன.

ராத்திரி அட்டையில் மாட்டினேன்.
தாள் முழுக்க,
என் கட்டைவிரல்,
போர்வையில் ஒரு மடிப்பு,
அதோடு நின்றுவிட்டது.
காதுக்கு இந்தப் பக்கம்
நாலு விரல் இருட்டு மிச்சம்.
கணக்குச் சரி என்று நான் நினைத்த நேரம்
அவர் புரண்டார்.
கை வந்து தாளின் ஓரத்தில் விழுந்தது.
மணிக்கட்டில்
எத்தனை சோப்புப் போட்டும் போகாத
சங்கராச் செதில் ஒன்று
மஞ்சளில் இளஞ்சிவப்பாக.

வரியை விட்டுவிட்டேன்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
எவ்வளவு நேரமோ.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"இன்னா, புக்கு முடிஞ்சிடுச்சா?"
இல்லையே.
"தாள் திருப்புற சத்தமே காணோம்.
அதான் முழிப்பு வந்துடுச்சு."

பிரிட்ஜ், வாளி, பல்லில் கடித்த செல்போன்
எல்லாம் நினைவுக்கு வந்தன.

ஒரு பக்கம் திருப்பினேன்.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.
மூச்சு சீரானது.
நாளைக்கு
நூற்றுப் பதினாறிலிருந்து
மறுபடி படிக்க வேண்டும்.